கேள்வி கேட்பவர்கள் குறைந்த பிறகு

ஒரு பெரிய டெக் நிறுவனத்தின் கலாசாரம் எப்படி இருக்கிறது என்று அறிய, இலவசச் சாப்பாட்டையும் விளையாட்டு அறையையும் நான் பார்ப்பதில்லை. ஆல் ஹேண்ட்ஸ் கூட்டத்தில், அதாவது ஊழியர் எல்லோரும் நிர்வாகத்தோடு கூடும் கூட்டத்தில், என்ன கேள்வி வருகிறது, யார் பெயரில் வருகிறது என்று பார்ப்பேன்.

நான் சேர்ந்த காலத்தில் எங்கள் நிறுவனத்தில் சொந்தப் பெயரிலேயே கேட்பார்கள். வேலைக்குப் புதிதாக வந்த ஒருவர், "அவ்வளவு விலை கொடுத்து வாங்கின கம்பெனியை ஏன் மூடினீங்க?" என்று சி.இ.ஓ.விடமே கேட்டார். பதில் சுமார்தான். ஆனால் மறுநாள் யாரும் அவரைத் தனியே கூப்பிட்டு, "உனக்கு எதுக்கு இந்த வேலை?" என்று கேட்கவில்லை. எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது.

அது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் கேள்விகளை முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்கள். பிறகு, ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம் என்றார்கள். "லேஆஃப் உண்டா, இல்லையா?" என்று பலர் கேட்டது, மேடைக்கு வரும்போது "வரும் ஆண்டின் முன்னுரிமைகள் என்ன?" என்று ஆகியிருக்கும்.

மற்ற இடங்களிலும் இதே போக்குதான். கூகுளில் முன்பு வாராவாரம் நடந்த ஊழியர் கூட்டத்தை மாதம் ஒருமுறை ஆக்கப்போவதாக 2019-இல் அறிவித்தார்கள். உள்ளே பேசுவது வெளியே கசிகிறது என்பது நிர்வாகம் சொன்ன காரணங்களில் ஒன்று. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில்தான், பாலியல் தொல்லைப் புகார்களை நிறுவனம் கையாண்ட விதத்தைக் கண்டித்து அங்கே சுமார் 20,000 பேர் வெளிநடப்பு செய்திருந்தார்கள். நிர்வாகத்தின் கவலையிலும் நியாயம் உண்டு. லட்சம் பேரிடம் சொன்னது ரகசியமாக இருக்காது. ஆனால் கூட்டத்தில் கேட்க வழியில்லாதபோதுதான் ஆட்கள் நிருபரைத் தேடிப் போகிறார்கள் என்று நினைக்கிறேன்.

2022 நவம்பரில் மெட்டா 11,000 பேருக்கு மேல் வெளியேற்றியது. 2023 ஜனவரியில் கூகுள் சுமார் 12,000, மைக்ரோசாஃப்ட் 10,000 என்று அறிவித்தன. எங்களுக்கும் முறை வந்தது. போனவர்களைப் பற்றி எல்லோரும் எழுதினார்கள். மிச்சமிருந்தவர்கள் எப்படி மாறினார்கள் என்பதைச் சொல்ல ஆளில்லை.

ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் சரிபார்க்கும் கோட் ரிவ்யூவில் அது முதலில் தெரிந்தது. "இது தேவையா, வேறு வழி இல்லையா?" என்று பக்கம் பக்கமாக வாதாடியவர்கள் இரண்டே நிமிடத்தில் அப்ரூவ் செய்யத் தொடங்கினார்கள். எதிர்த்துப் பேசி யாரிடம் கெட்ட பெயர் வாங்குவது? அடுத்து டாக்குமெண்டேஷன், அதாவது சிஸ்டம் எப்படி இயங்குகிறது என்று எழுதிவைப்பது, நின்றது. தனக்கு மட்டுமே தெரிந்த ஒரு சிஸ்டம் இருந்தால் தன்னை அனுப்பமாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கை. (அனுப்பினார்கள். அந்த சிஸ்டம் அடுத்த மாதமே படுத்தது, அது வேறு கதை.) பழைய நிரலைச் சீர்செய்யும் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, மேலிடத்தின் கண்ணில் படும் புது ப்ராஜெக்டுக்குப் போட்டி. இவர்களை நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுக்கடன் கட்டுபவர்கள் அப்படித்தான் நடந்துகொள்வார்கள்.

எதை வைத்து மதிப்பெண் போடுகிறார்களோ அதுவே கலாசாரம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான். மைக்ரோசாஃப்ட்டில் முன்பு, டீமில் எல்லோரும் நன்றாக உழைத்தாலும் சிலரைக் கடைசியில் நிறுத்தியாக வேண்டும் என்ற தரவரிசை இருந்தது. பக்கத்து இருக்கைக்காரருக்கு உதவினால் நம் இடம் இறங்கும். 2013 நவம்பரில் அதைக் கைவிட்டார்கள். சத்யா நாதெல்லா அங்கே சி.இ.ஓ.வாகப் பொறுப்பேற்றது 2014 பிப்ரவரியில். அங்கே வந்த மாற்றத்துக்கான பாராட்டை எல்லோரும் அவருக்கே கொடுக்கிறார்கள். எனக்கென்னவோ அந்தத் தரவரிசை ஒழிந்ததற்கும் பாதிப் பங்கு உண்டு.

எங்களிடம் இப்போது அதே தரவரிசை 'வழிகாட்டு விகிதம்' என்ற பெயரில் நுழைந்திருக்கிறது. அப்ரைசல் படிவத்தில் அடுத்தவருக்குச் செய்த உதவியைச் சொல்ல இடமே இல்லை. 'பிற குறிப்புகள்' பெட்டியில் எழுதிவருகிறேன். "அதை யாரும் படிக்கிறதில்லை, ஆனாலும் எழுதுங்க" என்கிறார் என் மேனேஜர்.