ஓகஸ்ட் முதலாம் திகதிக்கு ஒரு சீஸ் பலகை

சுவிஸில் அயல் வீட்டார் 'அப்பேரோவுக்கு வாங்கோ' என்று கூப்பிட்டால், சோறு கிடைக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. கலியாணம் முடித்து இங்கே வந்த புதிதில் கணவர் எனக்குச் சொல்லித் தந்த பாடங்களில் இதுவும் ஒன்று. பின்னேரம் ஐந்து ஐந்தரைக்குத் தொடங்கும். மேசையில் வெள்ளை வைன், பிள்ளைகளுக்குச் சிரப் கரைத்த தண்ணீர், நடுவில் சீஸும் பழமும் அடுக்கிய ஒரு மரப்பலகை. கிளாஸைத் தட்டும்போது ஒவ்வொருவரின் கண்ணையும் பார்க்க வேண்டும், பெயரையும் சொன்னால் இன்னும் நல்லது. நின்றபடியே கதை. ஏழு மணி போல எல்லாரும் கைகொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வந்தவரை இப்படி அனுப்பினால் ஊரே சிரிக்கும்.

நாங்கள் இருப்பது பேர்ண் நகரில், ஒரு மாடிக் கட்டடத்தில். பின்பக்கம் எல்லாருக்கும் பொதுவான புல்தரை. ஓகஸ்ட் 1, சுவிஸின் தேசிய தினம், கட்டடத்து ஆட்கள் அங்கேதான் கூடுவார்கள். 1291ஆம் ஆண்டு உடன்படிக்கையை நினைவுகூரும் நாள் என்றாலும், நாடு முழுவதற்கும் விடுமுறையானது 1994இல்தான், அதுவும் முந்தின வருடம் வாக்கெடுப்பு நடத்தி. கடதாசி விளக்குகள், சின்னக் கொடி குத்திய பணிஸ், இருட்டினதும் வாணவேடிக்கை. ஒவ்வொரு வீடும் தின்ன ஏதாவது கொண்டுவர வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து வழமையாகப் போவது ரோல்ஸும் கட்லட்டும். முதலில் தீர்வதும் அவைதான், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ரோல்ஸ் தட்டோடு போய் நின்றால் கதை முழுக்க ரோல்ஸைப் பற்றியே போகும். உள்ளே என்ன, உறைக்குமா, எப்படிச் சுற்றுகிறீர்கள், உங்கள் நாட்டில் தினமும் இதுதானா. அதே மேசையில் அவர்கள் வைக்கிற சாமானையே நானும் வைத்தால், விளக்கம் சொல்லும் வேலை இல்லை. மேல்வீட்டுக் கிழவியின் முழங்கால் வலி, சலவை அறை முறை மாறின சண்டை என்று கட்டடத்தின் உண்மையான கதைகளுக்குள் புகுந்துவிடலாம். நான் பலகை அடுக்கப் பழகினது இதற்காகத்தான். ஜெர்மன் வகுப்பில் கிடைக்காத ஜெர்மன் அங்கேதான் கிடைத்தது.

பழக்கித் தந்தவர் சுவிஸ்காரர் இல்லை, கணவரின் மாமா. எண்பதுகளில் அகதியாக வந்த கனபேரைப் போல அவரும் உணவகக் குசினியில் கோப்பை கழுவித் தொடங்கியவர். பிறகு குளிர்ச் சமையல் பக்கம் மாற்றினார்கள்: சலாட், குளிர் இறைச்சி, சீஸ் தட்டு. இங்கத்தைய விருந்துகளில் எத்தனையோ பேர் ரசித்துப் படம் பிடித்த தட்டுகளைப் பின்கதவுக்கு அப்பால் நின்று அடுக்கியவை எங்கள் ஆட்களின் கைகள்.

எனக்கும் கை வேலை புதிதல்ல. சாமத்தியவீட்டுத் தட்டுகள் செய்து பழகியவள். வத்தகப்பழத்தில் அன்னம், அன்னாசியில் மயில், சுற்றிவரப் பளபளப்புக் கடதாசி. மாமா முதலிலேயே சொல்லிவிட்டார்: "பிள்ளை, கோபுரம் கட்டாதை. ஆட்கள் கலைக்கப் பயப்பட்டால் அது சரியில்லாத தட்டு." சாமத்தியவீட்டுத் தட்டு மேடையில் இருக்க, வீடியோவில் வர. இது ஒரு கையில் கிளாஸை வைத்துக்கொண்டு மற்றக் கையால் எடுத்துத் தின்ன. அதனால் எல்லாம் ஒரு வாய் அளவு, கத்தியோ முள்ளுக்கரண்டியோ கேட்காத அளவு.

அளவு விஷயத்தில்தான் நம்மவர்களுக்குக் கை நடுங்கும். அப்பேரோ என்றால் ஆளுக்கு 80 முதல் 100 கிராம் சீஸ் போதும். அதையே இராச்சாப்பாடாக வைப்பதென்றால் 200 கிராம் அளவில் வேண்டும். நான் நாலு வகைக்கு மேல் போவதில்லை. நன்றாக முதிர்ந்த குருயேர் ஒன்று. தோல் அடியில் வரும்படி நீட்டு முக்கோணமாக வெட்டுவேன். கல்லுப் போன்ற ஸ்பிரின்ஸ். அதை வெட்டக் கூடாது, கத்தி நுனியால் உடைக்க வேண்டும். மெத்தென்ற தொம் வோடுவாஸ். முழுதாக வைத்து ஒரு துண்டை மட்டும் வெட்டித் திறந்துவிட்டால், அதைத் தொடலாம் என்று ஆட்களுக்கு விளங்கும். இவை மூன்றையும் அரை மணித்தியாலத்துக்கு முன்னாவது குளிர்பெட்டியிலிருந்து எடுத்து வெளியே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வாசமே வராது.

நாலாவது மட்டும் நேர்மாறு: தெத் து முவான். எங்கள் பேர்ண் மாநிலத்திலேயே, யூரா மலைப் பக்கம் உள்ள பெல்லலே மடத்துத் துறவிகள் தொடங்கிய சீஸ். சிறு உருளையாக இருக்கும். இதை வெட்டுவதில்லை, சுரண்டுவார்கள். 1982இல் நிக்கோலா கிரெவுவாசியே என்பவர் அதற்கென்றே ஜிரோல் என்று ஒரு கருவி செய்தார். வட்டப் பலகை, நடுவில் ஒரு கம்பி, அதில் சுழலும் கைப்பிடி வைத்த கத்தி. சீஸின் மேல்தோலைச் சீவி எடுத்துவிட்டு, கம்பியை நடுவால் குத்தி இறக்கி, கைப்பிடியை மெல்லச் சுற்றினால் கத்திக்குப் பின்னால் மெல்லிய சுருக்கு விழுந்து, கார்னேஷன் பூ மாதிரி விரிந்து வரும். பலமாக அமர்த்தினால் தடித்துக் கிழியும். கையின் பாரம் மட்டும் போதும். சீஸ் குளிர்பெட்டிக் குளிரோடு இருந்தால்தான் பூ நிற்கும், இளகினால் குழைந்துவிடும். அதனால் கடைசி நேரத்தில்தான் சுற்றுவேன். பிள்ளைகள் வரிசையில் நிற்பார்கள், ஆளுக்கு நாலு சுற்று. கருவியைக் கொண்டுபோய் மேசையிலேயே வைத்துவிட்டால் அலங்காரம் பாதி முடிந்த மாதிரி, எனக்கும் வேலை மிச்சம்.

அடுக்கும் முறைக்கு வருவோம். முதலில் சிறு கிண்ணங்கள், அத்திப்பழக் கடுகும் தேனும். பிறகு சீஸ், ஒன்றுக்கொன்று தள்ளி. பிறகு பழம். இடைவெளியில் வால்நட். பழத்தில் காலத்தோடு போவதுதான் கெட்டித்தனம். ஓகஸ்ட் தொடக்கத்தில் வாலிஸ் மாநிலத்து அப்ரிகொட் உச்சத்தில் இருக்கும். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வெயிலில் பழுத்தது. இரண்டாகப் பிளந்து கொட்டையை எடுத்து, வெட்டு முகம் மேலே தெரிய வைத்தால் பலகைக்கே நிறம் வந்துவிடும். முந்திரிகையை, அதாவது திராட்சையை, கத்தரிக்கோலால் ஐந்தாறு பழக் கொத்துகளாக நறுக்க வேண்டும். பெரிய குலையாக வைத்தால் பார்க்க வடிவு, ஆனால் பிய்த்தெடுக்க ஒருத்தரும் துணிவதில்லை. பெயார்ஸ் துண்டுகளைத் தேசிக்காய்த் தண்ணீரில் நனைத்து எடுத்தால் கறுக்காது. ராஸ்ப்பெரி கடைசியில், சாயம் விடும் சாமான்.

அன்னாசியைப் பலகைக்குக் கிட்டவும் விடாதீர்கள். நம்மவர்களுக்கு அன்னாசி இல்லாமல் தட்டு நிறையாது, தெரியும். ஆனால் சமைக்காத அன்னாசியிலும் கிவியிலும் உள்ள நொதியம் பாலின் புரதத்தைச் சிதைக்கும். சாறு பட்ட சீஸ் கொஞ்ச நேரத்தில் கசக்கும். வேண்டுமென்றால் வேறு கிண்ணம். மாம்பழமும் அப்படியே, அதன் சாறு எல்லாவற்றையும் நனைத்துவிடும். யூலையில் தமிழ்க்கடைக்கு வரும் பாகிஸ்தான் மாம்பழப் பெட்டியில் கொஞ்சம் காயாகக் கிடப்பதை எடுத்து, நீட்டாக வெட்டி, உப்பும் தூளும் தடவித் தனியாக வைப்பேன். அதை வைத்தால் மட்டும் பழையபடி விளக்கவுரை தொடங்கிவிடும். சரி, மாங்காய்க்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

இனி மாமி. அவர் சுத்த சைவம். சீஸ் பால்தானே என்று நினைத்திருந்தார். குருயேர், தெத் து முவான் போன்ற பேர்போன பழைய வகைகளைத் தோய்க்க, கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் 'லாப்' சேர்ப்பார்கள். அதை மறைத்துக் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பொதியில் நுண்ணுயிர் லாப் என்று போட்ட சீஸாகப் பார்த்து வாங்கி, அவருக்கு வேறு சிறு தட்டு வைக்கிறேன். ஒட்டு உறவு இல்லாமல், வேறு கத்தி. இங்கே பலர் பலகையோடு சேர்த்து வைக்கும் பூண்ட்னர் இறைச்சி என்பது காயவைத்த மாட்டிறைச்சி. அதை மற்ற வீட்டார் கொண்டுவரட்டும், எங்கள் பலகையில் ஏற்றுவதில்லை. யாரும் ஏன் என்று கேட்டதும் இல்லை.

வெயில் 30 பாகையைத் தாண்டும் நாட்களில் சீஸ் வியர்க்கும். அதனால் ஒரு பெரிய பலகையைவிட இரண்டு சின்னப் பலகை நல்லது. ஒன்று வெளியே, மற்றது குளிர்பெட்டியில். முதலாவது முடிந்ததும் மாற்றலாம், இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் எதையும் வெயில் பக்கம் கிடக்க விடக் கூடாது. மேலே ஈரத் துணி போட்டு மூடிக் கொண்டுபோனால் காயாது.

சொந்தக்காரரைக் கூப்பிடும்போது மட்டும் இந்தப் பலகையைத் தனியாக நம்ப முடியாது. போன கோடையில் சித்தப்பா இரண்டு சீஸ் பூவைத் தின்றுவிட்டு, பலகையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு என் காதோடு கேட்டார்: "பிள்ளை, சாப்பாடு எத்தினை மணிக்கு?" குசினியில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் தயாராக இருந்தது. ஏழு மணிக்கு என்றேன். "அப்ப சரி" என்று இன்னொரு கொத்து முந்திரிகையை எடுத்துக்கொண்டு மேல்வீட்டுக் கிழவியோடு கதைக்கப் போய்விட்டார்.