புத்தகத்தைத் திறந்துவைத்து ஜாஸ் கிட்டார் பழகியது

மூன்று ஆண்டுகளாக ஆசிரியர் யாருமின்றி, பாடநூல்களை மட்டும் துணையாகக் கொண்டு ஜாஸ் கிட்டார் பழகி வருகிறேன். முதலில் வாங்கியது அமெரிக்க கிட்டார் கலைஞர் மிக்கி பேக்கர் 1955இல் வெளியிட்ட பாடநூல். அதில் 52 பாடங்கள் இருக்கின்றன. வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ஓராண்டில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முதல் நான்கு பாடங்களுக்கே மூன்று மாதங்கள் ஆயின. கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் பல ஸ்வரங்கள்) வடிவங்கள் விரல்களில் படிந்த பிறகே தனிவாசிப்புக்குள் செல்ல வேண்டும் என்ற அவருடைய வரிசைமுறை அப்போது என் பொறுமையைச் சோதித்தாலும், அதுவே சரியான வரிசை என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

பிற்காலப் பாடநூல்கள் பலவும் ஸ்கேல்களிலிருந்து, அதாவது ஏறியிறங்கும் ஸ்வர வரிசைகளிலிருந்து, தொடங்குகின்றன. டி மைனர் செவன், ஜி செவன், சி மேஜர் செவன் என்று ஜாஸ் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் கார்ட் வரிசைக்கு டோரியன், மிக்ஸோலிடியன், அயோனியன் என்று மூன்று ஸ்கேல்களைத் தருகிறார்கள். நான் அவற்றை மனப்பாடம் செய்து பல மாதங்கள் வாசித்தேன். தவறான ஸ்வரம் ஒன்றும் விழவில்லை, ஆனால் இசையும் பிறக்கவில்லை. காரணம் எளியது: அந்த மூன்றும் சி மேஜரின் அதே ஏழு ஸ்வரங்கள்தான். கார்ட் எந்த இடத்தில் மாறுகிறது என்பதை அவை கேட்பவருக்குத் தாமாகச் சொல்லிவிடுவதில்லை.

அதைச் சொல்பவை, ஒவ்வொரு கார்டின் அடி ஸ்வரத்தை ஒன்றாக வைத்து எண்ணினால் வரும் மூன்றாவது, ஏழாவது ஸ்வரங்கள். டி மைனர் செவனில் அவை எஃப், சி. அடுத்து வரும் ஜி செவனில் எஃப் அசையாமல் நிற்க, சி மட்டும் அரைச்சுருதி இறங்கி பி ஆகிறது. அதற்கடுத்த சி மேஜர் செவனில் பி நிற்க, எஃப் அரைச்சுருதி இறங்கி ஈ ஆகிறது. இந்த இரண்டு இறக்கங்களை மட்டும், வேறு எந்த அலங்காரமும் இல்லாமல், மெதுவாக வாசித்த அன்று, பின்னால் யாரும் கார்ட் பிடிக்காமலேயே கார்டுகள் நகர்வது என் காதில் விழுந்தது. இதைச் சொல்லும், ஒரு பக்கத்துக்கும் குறைவான பாடத்தில் நான் ஏழு வாரங்கள் தங்கினேன்.

புத்தகம் தராதவையும் உண்டு. மேல்நாட்டு இசைக்குறிப்பு ஸ்வரத்தைக் காட்டுமே தவிர, தந்தியைக் காட்டாது. முதல் தந்தியைத் திறந்து மீட்டினால் வரும் அதே ஈ, இரண்டாம் தந்தியின் ஐந்தாம் கட்டிலும் (ஃப்ரெட்) மூன்றாம் தந்தியின் ஒன்பதாம் கட்டிலும் கிடைக்கிறது. எங்கே வாசிப்பது என்பதை நாமே தேடித் தீர்மானிக்க வேண்டும், அந்தத் தேடலும் கல்விதான்.

ஸ்விங், அதாவது ஜாஸின் ஊசலாடும் தாள நடை, வேறு வகையான சிக்கல். தாளில் எட்டாம் பங்கு ஸ்வரங்கள் (தட்டுக்கு இரண்டு) சம அளவில் அச்சாகியிருக்கும். வாசிப்பிலோ முதலாவது நீண்டும் இரண்டாவது குறுகியும் ஒலிக்கும், அந்த வேறுபாடும் வேகம் கூடக் கூடக் குறைந்துகொண்டே போகும். இதை எந்த எழுத்தாலும் சொல்லிவிட முடியாது என்பதால் ஜாஸ் கிட்டார் கலைஞர் சார்லி கிறிஸ்டியனின் இசைத்தட்டுகளிடம் போனேன். 1939இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனின் குழுவில் சேர்ந்து, 1942இல் தமது 25ஆம் வயதில் மறைந்த அவருடைய தனிவாசிப்புகளை இசைத்தட்டிலிருந்து ஒவ்வொரு ஸ்வரமாகக் காதால் பிடித்துத்தான் பின்னால் வந்த கிட்டார் கலைஞர் வெஸ் மாண்ட்கோமரியும் பழகினார்.

இப்போது தாளம் காட்டும் மெட்ரோனோமை இரண்டாம், நான்காம் தட்டுகளில் மட்டும் ஒலிக்கவிட்டு, கிறிஸ்டியனின் நான்கு அளவைகளை (தாளச் சுற்றுகளை) பாடிப் பார்த்த பின்னரே கிட்டாரைத் தொடுகிறேன். பிறகு பேக்கரின் பக்கத்தைத் திறந்து, அந்த நான்கு அளவைகளில் மூன்றாவதும் ஏழாவதும் எந்தத் தட்டில் வந்து இறங்குகின்றன என்று பென்சிலால் குறிக்கிறேன். நேற்று பதினேழாம் பாடத்தின் ஓரத்தில் குறிக்க இடம் போதாமல் தனித்தாள் ஒன்றை ஒட்டினேன்.