வார்டில் ஷங்கர்

ஜூலை 8, 2024, திங்கள்

அப்பாவுக்குச் சுகர் 312. இன்றைக்கும் கால் ஆபரேஷன் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

எக்ஸ்ரே மறுபடி எடுக்கச் சொன்னார்கள். ஸ்ட்ரெச்சர் தள்ள வந்தவர் லிஃப்ட் வாசலோடு நின்றுவிட்டார். வாய் திறந்து ஒன்றும் கேட்கவில்லை. அப்பாதான் வலியோடு வலியாக என் சட்டைப் பையைக் கண்ணால் காட்டினார். இருநூறு ரூபாய். அதற்குப் பிறகு சக்கரம் உருண்டது.

ராத்திரி அப்பாவே பேச்சை எடுத்தார். "வெள்ளிக்கிழமை இந்தியன் ரெண்டாம் பாகம் வருதாமே?" முதல் பாகத்தை 1996-இல் லாரியை ஓரங்கட்டிவிட்டுக் கிளீனரோடு போய்ப் பார்த்தவர். அவரைப் பொறுத்தவரை ஷங்கருக்கு மேல் டைரக்டர் கிடையாது. "எஃப்.சி. தகுதிச் சான்றுக்கு வண்டியைக் கொண்டு போய் நிறுத்தினா பிரேக்கை எவன் பாத்தான், கவரைத்தான் பாத்தான். அதைப் படத்துல காட்டுனது அவன் ஒருத்தன்தான்டா."

ஜூலை 10, புதன்

பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணைக்கு இருக்கும் பையன் காலேஜ் இரண்டாம் வருஷம். ஷங்கர் என்றதும் சிரித்தான். "பூமர் டைரக்டர்ண்ணே. செட்டுக்குக் கொட்டுற காசை எடுத்துட்டா உள்ள ஒண்ணுமே இருக்காது."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவன் சொல்வதில் பாதியை நானே பல வருஷமாகச் சொல்லி வருகிறேன். ஆனால் 'முதல்வன்' பேட்டிக் காட்சியில் செட் எங்கே இருக்கிறது? இரண்டு நாற்காலி, ஒரு டி.வி. ஸ்டூடியோ, கேள்வி கேட்கும் அர்ஜுன், முதல்வராக ரகுவரன். கலவரத்தில் போலீஸின் கையை ஏன் கட்டிப்போட்டீர்கள் என்று கேள்வி வந்து விழும்போது ரகுவரன் முகத்தைப் பார்க்க வேண்டும். முதலில் ஏளனம், அப்புறம் எரிச்சல், அப்புறம் எங்கே மாட்டிக்கொண்டோம் என்ற கணக்கு. வெறும் பேச்சை வைத்தே தியேட்டரை நாற்காலி நுனிக்குக் கொண்டு வந்த படம் அது. 1999-இல் விசில் பறந்தது கிராபிக்ஸுக்கு இல்லை, அந்தக் கேள்விகளுக்கு.

அவனுக்கு யூடியூபில் போட்டுக் காட்டினேன். பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 11, வியாழன்

தூக்கம் வரவில்லை. அப்பா காலில் கட்டித் தொங்கவிட்ட எடை, ஃபேன் காற்றுக்கு லேசாக ஆடிக்கொண்டே இருக்கிறது.

'இந்தியன்' படத்தில் கஸ்தூரி தீக்காயத்தோடு கிடக்கும் இடத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் பணம் கேட்கிறார். கொடுக்க மாட்டேன் என்கிறார் அவளுடைய அப்பா சேனாபதி. மகள் போய்விடுகிறாள். கொடுத்திருந்தால் தங்கச்சி பிழைத்திருப்பாளே என்று மகன் கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் படத்தில் பதிலே இல்லை. சேனாபதி கத்தியைத் தூக்கலாம், டி.வி.யில் ஊரறியக் கொல்லலாம், கடைசியில் பெற்ற மகனையே கொல்லலாம். பதில் மட்டும் வராது. அந்த மகன்தான் பின்னால் பிரேக் இன்ஸ்பெக்டராகி, காசு வாங்கிக்கொண்டு ஓட்டை பஸ்ஸை விடுகிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாகிறார்கள். அவனுடைய குற்றத்துக்கு அப்பாவின் நேர்மையும் ஒரு காரணம் என்று எழுதத் துணிச்சல் வேண்டும். ஷங்கர் பெரிய டைரக்டர்தானா என்று கேட்டால் நான் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். வசனம் எழுதிய சுஜாதாவுக்கும் இதில் பங்கு உண்டு.

நான் இருநூறு கொடுத்தேன். நாளைக்குக் கேட்டாலும் கொடுப்பேன்.

ஜூலை 12, வெள்ளி

சுகர் 268. மயக்க டாக்டர் பிட்னஸ் தரவில்லை. படம் ரிலீஸ். பையன் போனிலேயே விமர்சனம் பார்த்து, அப்பா காதுபடச் சத்தமாக வாசிக்கிறான். நிறுத்தச் சொன்னேன்.

ஜூலை 14, ஞாயிறு

தங்கச்சி வந்து உட்கார்ந்ததால் நேற்று நைட் ஷோ போய் வந்தேன்.

மூன்று மணி நேரம். விவேக்கையும் நெடுமுடி வேணுவையும் பார்த்ததும் தொண்டை அடைத்தது. அதற்கு மேல் ஒன்றுமில்லை. கதைக் கரு நல்ல கரு, அதனால்தான் வயிறு எரிகிறது: ஊழலை ஒழிக்க அவரவர் வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள் என்கிறார் சேனாபதி தாத்தா. சித்தார்த் சொந்த அப்பாவைக் காட்டிக்கொடுக்கிறான். அதனால் அம்மா சாகிறாள். 1996-இல் இந்த ஒரு சாவை வைத்து ஷங்கர் நம்மை ஒரு வாரம் தூங்கவிடாமல் செய்திருப்பார். இங்கே அழுது முடிப்பதற்குள் ஹாஷ்டேக் வந்துவிடுகிறது. லஞ்சம் வாங்குகிற அறை எப்படி இருக்கும், கவுன்டரில் நிற்பவனுக்கு நாக்கு எப்படி வறளும் என்பதெல்லாம் அந்தப் பழைய ஷங்கருக்குத் தெரிந்திருந்தது. இந்தப் படத்தில் ஊழல்காரன் தங்கத்தில் வீடு கட்டி வாழ்கிறான். அவனை நான் எங்கே பார்த்தேன், கோபப்பட?

சுஜாதா 2008 பிப்ரவரியில் போனார். அதற்குப் பிந்தைய சரிவு முழுவதையும் அந்த ஒரு சாவின் மேல் போடுவது நியாயமில்லை. 'சிவாஜி'க்கு வசனம் அவர்தான். அதில்தான் கறுப்பாக இருக்கும் இரண்டு பெண்களுக்கு அங்கவை சங்கவை என்று பாரி மகளிரின் பெயரை வைத்துக் கேலி செய்தார்கள். 'ஐ' படத்தில் திருநங்கையைக் காட்டிய விதம் அதைவிட மோசம். இவ்வளவு பெரிய கூட்டம் தன் பேச்சைக் கேட்கும் என்று தெரிந்தவர் செய்யக்கூடாத காரியம். இதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

அப்பா கேட்டார், "எப்படிடா?" நல்லா இருக்குப்பா என்றேன்.

ஜூலை 15, திங்கள்

மறந்துபோன ஒன்று. ஷங்கரின் தயாரிப்பு கம்பெனி எஸ் பிக்சர்ஸ். 'காதல்', 'வெயில்', 'இம்சை அரசன்', 'ஈரம்'. தன் பிரம்மாண்டத்துக்கு நேரெதிரான படங்களுக்குத் தன் காசைப் போட்டார். பாலாஜி சக்திவேலும் வசந்தபாலனும் அவரிடம் உதவி இயக்குநர்களாக இருந்தவர்கள். 'வெயில்' தேசிய விருது வாங்கியது. பெரிய டைரக்டர் என்று பெயரெடுத்தவர்களில் எத்தனை பேர் இதைச் செய்தார்கள்? பையனிடம் சொன்னேன். 'காதல்' ஷங்கர் தயாரிப்பா என்று ஆச்சரியப்பட்டான்.

ஜூலை 16, செவ்வாய்

ஒரு யூனிட் ரத்தம் ஏற்பாடு செய்யணும். மாமா போன் எடுக்கவில்லை.

ஜூலை 17, புதன்

மொஹரம் விடுமுறை. ஆபரேஷன் தியேட்டர் பூட்டு. 'இந்தியன் 2'-இல் 12 நிமிஷம் வெட்டிவிட்டார்களாம். வெட்டி என்ன ஆகப்போகிறது?

ஜூலை 18, வியாழன்

ஸ்ட்ரெச்சர்காரரோடு டீ குடித்தேன். ஒப்பந்த ஊழியர். இரண்டு மாதமாகச் சம்பளம் வரவில்லை என்கிறார். காசு கேட்பதற்கு அவர் காரணம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

'அந்நியன்' கொல்பவர்களை வரிசையாக யோசித்துப் பார்த்தேன். அடிபட்டவனைக் காரில் ஏற்றாதவன், ரயிலில் கெட்ட சாப்பாடு போட்டவன், மட்டமான பிரேக் ஒயர் செய்தவன். எருமை மிதிக்கும்போதும் எண்ணெய் கொதிக்கும்போதும் தியேட்டரே கைதட்டியது, நானும் தட்டினேன். தண்டனை எவ்வளவு கொடூரமோ அவ்வளவு கைதட்டல். ஆனால் அந்த மட்டமான ஒயருக்கு மேலே கையெழுத்துப் போட்டது யார்? அந்தக் கேள்வியை மேலே வரைக்கும் கொண்டுபோய், நாற்காலியில் இருப்பவனையே உட்கார வைத்துக் கேட்டது 'முதல்வன்'. அங்கேகூடக் கடைசியில் துப்பாக்கிதான் முடித்து வைக்கிறது. ஆனால் எதிரியைத் தந்திரமாகச் சாகவைத்த கையோடு அர்ஜுனின் புகழேந்தி உடைந்துபோகிறான், தானும் அரசியல்வாதி ஆகிவிட்டோம் என்று. நல்லவன் கையில் அழுக்கு பட்டதைக் காட்டிய ஷங்கர், அதற்குப் பிறகு அந்த அழுக்கை யார் கையிலும் காட்டவில்லை.

'முதல்வ'னும் 'இந்திய'னும் போதும், அவர் பெயர் நிற்க. அப்பா சொன்னதுதான் சரி. அப்பா சொல்லும் அளவுக்கு இல்லை, ஆனால் சரி.

ஜூலை 19, வெள்ளி

சுகர் 194. மயக்க டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கள் லிஸ்டில் மூன்றாவது பெயர். ரத்தம் பையனே கொடுத்தான், ஓ பாசிட்டிவ். அப்பா அவனிடம் எஃப்.சி. கதையை முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். மருந்துச் சீட்டு வாங்க மாடிக்குப் போகணும்.