டபுள் பாஸ் பிக்கப்பும் ஆம்பின் உள்ளீடும்

வயலின் குடும்பத்தின் பெரிய வாத்தியமான டபுள் பாஸில் பீசோ பிக்கப்பை (தந்தியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் சிறு கருவி) பொருத்தி நேராக ஆம்பில் (ஒலிபெருக்கியில்) செருகியதும், மூக்கால் பேசுவது போன்ற மெலிந்த ஒலி கேட்கிறது என்று வருந்தாத வாசிப்பாளர்கள் குறைவு. கட்டையான ஈ தந்தியை மீட்டினால், சுருதிக்கு முன்பாக விரல் தந்தியை விட்டு விலகும் ‘டொக்’ என்ற சத்தம்தான் முந்திக்கொண்டு வருகிறது. உடனே பிக்கப்பைக் குறைசொல்லி வேறொன்று வாங்குகிறார்கள். அதுவும் சரிப்படாவிட்டால் ஆம்பை மாற்றுகிறார்கள். அத்தனை செலவுக்கும் முன்பு, ஆம்பின் கையேட்டில் உள்ளீட்டு மின்மறுப்பு (வரும் சமிக்ஞைக்கு உள்ளீடு காட்டும் மின்தடை) எத்தனை ஓம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்துவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

தந்திகளைத் தாங்கும் குதிரையின் பக்கவாட்டுப் பிளவிலோ அதன் காலடியிலோ வைக்கப்படும் பீசோ படிகம், தந்தியின் அதிர்வால் அழுத்தப்படும்போது மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. ஆனால் மின்சுற்றைப் பொறுத்தவரை அது ஒரு சிறிய மின்தேக்கி. அந்த மின்தேக்கியும் ஆம்பின் உள்ளீட்டு மின்தடையும் சேர்ந்து, நாம் கேட்காமலேயே, தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஒரு வடிகட்டியாகிவிடுகின்றன. பிக்கப்பின் மின்தேக்குதிறன் 1 நானோ ஃபாரட் என்றும் ஆம்பின் உள்ளீடு 1 மெகா ஓம் என்றும் வைத்துக்கொண்டால், வெட்டு தொடங்கும் இடம் ஏறத்தாழ 159 ஹெர்ட்ஸ். திறந்த, அதாவது விரல் வைத்து அழுத்தாத, ஈ தந்தியின் அதிர்வெண் 41 ஹெர்ட்ஸ்தான். ஜி தந்திகூட 98 ஹெர்ட்ஸ்தான். அதாவது நான்கு திறந்த தந்திகளின் அடிப்படைச் சுருதியும் வெட்டுக்குக் கீழே விழுகிறது. ஈ தந்தியுடையது நான்கில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அதே பிக்கப்பை 10 மெகா ஓம் உள்ளீட்டில் செருகினால் வெட்டு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, ஈ தந்தி ஏறக்குறைய முழுமையாக வந்துவிடுகிறது. மின்தேக்குதிறன் பிக்கப்புக்குப் பிக்கப்பு மாறுவதால், 1 மெகா ஓமே போதுமானவையும் உண்டு. ஆம்பில் தாழ்ந்த ஒலிகளைக் கூட்டும் பாஸ் குமிழை ஏற்றி இந்த இழப்பை ஈடுகட்ட முயல்வது பயன் தராது. குமிழ் உயர்த்தும் வளைவும் உள்ளீடு வெட்டும் வளைவும் ஒன்றல்ல, கூடவே இரைச்சலும் ஏறும்.

ஆகவே, பிக்கப்புக்கும் ஆம்புக்கும் நடுவே 10 மெகா ஓம் உள்ளீடு கொண்ட ஒரு பிரீஆம்ப் (ஆம்புக்கு முன்னால் சமிக்ஞையைத் தயார்செய்யும் சிறு கருவி) வைப்பதே நான் எல்லோருக்கும் சொல்லும் வழி. பாஸுக்கும் பிரீஆம்புக்கும் இடையிலான கேபிள் குட்டையாக இருக்கட்டும். பீசோவில் நீண்ட கேபிள் மேல் ஒலிகளை மழுக்காது. மொத்த ஒலி அளவைத்தான் குறைக்கும் என்றாலும், அந்தக் குறைவும் தேவையற்றதே. 1946-இல் அமெரிக்காவில் எவரெட் ஹல் என்ற பாஸ் கலைஞர், வாத்தியத்தின் அடிமுளையில் மைக்கைப் பொருத்தி அதற்கான ஆம்பையும் சேர்த்தே உருவாக்கத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஆம்பெக் நிறுவனம். இரண்டும் ஒரே பட்டறையில் பிறந்தபோது இல்லாத பொருத்தச் சிக்கல், வெவ்வேறு கடைகளில் வாங்கிச் சேர்க்கும் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

மின்மறுப்பு சரியானபின் எதிர்ப்பக்கத்துத் தொல்லை ஒன்று தலைகாட்டலாம். டபுள் பாஸின் கூட்டிலுள்ள காற்று சுமார் 60 ஹெர்ட்ஸ் அளவில் ஒத்ததிர்வதால், அதற்கும் கீழான 41 ஹெர்ட்ஸை வாத்தியம் இயல்பாகவே வலுவாக வெளியிடுவதில்லை. நம் காது மேற்சுரங்களைக் கொண்டே அந்தச் சுருதியை உணர்கிறது. குதிரையில் இருக்கும் பிக்கப்போ அடிப்படைச் சுருதியைத் தாராளமாக எடுத்துக் கொடுக்கும். அது பெரிய ஸ்பீக்கரில் வெளிவந்து, வாத்தியத்தின் மேற்பலகையை மறுபடி அதிரச் செய்து, ஊளையாக மாறும். இதற்கு, 30 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை நகர்த்தக்கூடிய ஹை பாஸ் ஃபில்டர் (குறித்த அளவுக்குக் கீழான ஒலிகளை வெட்டும் வடிகட்டி) உதவும். முதலில் முழு ஒலியையும் பெற்றுக்கொண்டு, அரங்கத்துக்கு ஏற்ப நாமே அளவாக வெட்டுவதற்கும், பொருந்தாத உள்ளீடு கண்மூடித்தனமாக வெட்டுவதற்கும் உள்ள வேறுபாடு, ஏ தந்தியில் மெதுவாக ஏறி இறங்கும் ஒரு வரிசையை வாசித்தாலே விளங்கிவிடும். ஊளையைக் குறைக்க, பிரீஆம்பில் ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தான் இருந்தால் அதையும் இருபுறமும் தட்டிப் பார்க்க வேண்டும். ஆம்புக்கும் வாத்தியத்துக்கும் உள்ள தூரம் மாறினால் பொருத்தமான நிலையும் மாறும் என்பதால், மேடைக்கு மேடை புதிதாகச் சோதிப்பது நல்லது.

ஒலிப்பொறியாளர் மேடையில் பாஸிவ் டிஐ பெட்டியை (வாத்தியத்தின் சமிக்ஞையை மிக்ஸருக்கு அனுப்பும், தனி மின்சாரம் தேவைப்படாத இணைப்புப் பெட்டி) நீட்டினால், பிக்கப்பின் கேபிளை நேராக அதில் செருக விடக் கூடாது. அதன் உள்ளீடு பெரும்பாலும் ஒரு லட்சம் ஓமை ஒட்டியே இருக்கும்; மிக்ஸரின் லைன் உள்ளீடு இன்னும் மோசம், பத்தாயிரம் ஓம் அளவில் நின்றுவிடும். பிரீஆம்பின் வெளியீட்டிலிருந்து அந்தப் பெட்டிக்குக் கேபிள் போகட்டும்.