சுருட்டை விரியனும் அப்பாவின் ரத்தக்குழாயும்

கருவேலங்காட்டில் விறகு வெட்டப் போன பெரியப்பாவை நான் ஆறாவது படிக்கும்போது சுருட்டை விரியன் கடித்தது. ஆஸ்பத்திரியில் அவர் ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிஷம் அசைக்காமல் வைத்துவிட்டுச் சாய்த்துப் பார்த்தார்கள். தண்ணீர் மாதிரி ஓடியது. ரத்தம் உறையவில்லை என்று நர்ஸ் சொன்னதும் பெரியம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. விஷமுறிவு மருந்து போட்டுப் பிழைத்துக்கொண்டார்.

போன மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். அவருக்குச் சொட்டுச் சொட்டாக ஏறிய மருந்தின் பெயர் டைரோஃபைபன். வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால் அதன் கதை அதே சுருட்டை விரியனின் விஷத்தில் தொடங்குகிறது!

விஷம் என்பது ஒரே பொருள் இல்லை, பல புரதங்களின் கலவை. ரத்தம் உறையத் தேவையான சரக்கையெல்லாம் வீணாகச் செலவழித்துத் தீர்க்கும் புரதங்கள் அதில் உண்டு, பெரியப்பாவைப் படுக்கவைத்தவை அவை. அதே விஷத்தில் இருக்கும் எக்கிஸ்டாட்டின் வேறு. 49 அமினோ அமிலங்கள் கொண்ட குட்டிப் புரதம், 1988இல் மெர்க் நிறுவன ஆராய்ச்சியாளர்கள் அதைப் பற்றி எழுதினார்கள். டெங்கு வந்தால் எண்ணுவார்களே, அந்தத் தட்டணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள ஃபைப்ரினோஜன் என்ற புரதம் நடுவில் வர வேண்டும், அது வந்து ஒட்டும் இடத்தில் எக்கிஸ்டாட்டின் முந்திப்போய் உட்கார்ந்துகொள்கிறது. அதற்கு ஒட்டும் குணத்தைக் கொடுப்பது ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்ற மூன்றே கண்ணிகள். அந்த மூன்றின் வடிவத்தைப் பார்த்து ஆய்வகத்தில் செய்ததுதான் டைரோஃபைபன், அதில் ஒரு சொட்டு விஷம்கூடக் கிடையாது. அமெரிக்காவில் 1998இல் அனுமதி கிடைத்தது.

மனிதருக்கு வரும் முன்னால் நாய்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். எலிகளின் தட்டணுக்களில் இந்த வகை மருந்து சரியாகப் பிடிப்பதில்லை. 1970களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜான் ஃபோல்ட்ஸ் உருவாக்கிய முறை ஒன்று உண்டு: நாய்க்கு மயக்கம் கொடுத்து, நெஞ்சைத் திறந்து, இதயத் தமனியை வெளியிலிருந்து ஒரு வளையத்தால் குறுக்குவார்கள். குறுகிய இடத்தில் தட்டணுக்கள் குவியக் குவிய ரத்த ஓட்டம் குறைந்துகொண்டே வரும், கட்டி பிய்த்துக்கொண்டு போனதும் சட்டென்று ஏறும், அப்புறம் மறுபடி குறையும். மருந்து வேலை செய்தால் இந்த ஏற்ற இறக்கம் நின்று ஓட்டம் சீராகிவிடும். படிக்கும்போது அப்பாவின் நெஞ்சுதான் நினைவில் வந்தது.

நாயில் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்றும் சொல்ல முடியாது. இதே இடத்தை அடைக்கும்படி செய்த ஆர்போஃபைபன் போன்ற மாத்திரைகளும் விலங்குச் சோதனையைத் தாண்டி வந்தவைதான், ஆனால் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது சாவு கூடியது, நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் அந்தப் படியைத் தாண்டாமல் அப்பாவின் கையில் அந்த ஊசி ஏறியிருப்பதை நான் விரும்பியிருக்க மாட்டேன்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பாம்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அந்த நாய்களை அப்புறம் என்னப்பா செய்வாங்க?" என்றார். சோதனை முடிந்ததும் மயக்கத்திலேயே உயிரை எடுத்துவிடுவார்கள் என்று சொன்னேன், அவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.