ரிசப்ஷன் வைவாவில் வரும் எயார்போர்ட் கேள்வி

ஹோட்டல் ரிசப்ஷன் கோர்ஸ் முடித்துவிட்டு செய்முறைச் சோதனைக்குக் காத்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்காக, முதல் தடவை நான் கோட்டைவிட்ட ஒரு கேள்வியைப் பற்றிச் சொல்கிறேன். சோதனை எடுப்பவர் விருந்தினராக நடிப்பார். "கட்டுநாயக்கா எயார்போர்ட்டில் இறங்குகிறேன், கொழும்பு கோட்டையில் இருக்கிற உங்கள் ஹோட்டலுக்கு எப்படி வருவது?" என்று போனில் கேட்பதுபோலக் கேட்பார். அவ்வளவுதான்.

நான் பாடமாக்கி வைத்திருந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். டாக்சி, 187 பஸ், ரயில், ஆட்டோ, ஒன்றையும் விடவில்லை. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர் கடைசியில், "நான் இரவு 2 மணிக்கு வருகிறேன், அம்மாவும் கூட வருகிறா, அவவுக்கு நடக்க ஏலாது" என்றார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

பதிலுக்கு முன் நாங்கள் கேட்க வேண்டும், அதைத்தான் அவர் பார்க்கிறார். எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள், எத்தனை பேர், எத்தனை பெட்டி, கையில் நம் நாட்டு சிம் இருக்குமா. இந்த நாலும் தெரிந்த பிறகு ஒரே ஒரு வழியைச் சொல்லி, அது சரிவராவிட்டால் இன்னொன்றையும் சொன்னால் போதும்.

ஆனால் விசயமும் தெரிந்திருக்க வேணும். கட்டுநாயக்கா அதிவேகப் பாதை 2013இல் திறந்தது, பேலியகொடை வரை ஏறத்தாழ 26 கிலோமீற்றர், அதை ஓடி முடிக்க அரை மணித்தியாலம்கூட ஆகாது; நேரம் போவதெல்லாம் பேலியகொடையில் இறங்கிய பிறகு, காலையில் ஒபிஸ் வாகனங்களோடு நகருக்குள் நுழையும்போதுதான். அதனால் "35 நிமிடத்தில் வந்துவிடலாம்" என்று மொட்டையாகச் சொல்லாதீர்கள். ஆட்டோ அந்தப் பாதையில் ஏறவே முடியாது, ஜா-எல, வத்தளை என்று பழைய நீர்கொழும்பு வீதியால் ஊர்ந்துதான் வரும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பிழையாகச் சொல்லிவிடுகிறார்கள். ரயில் புத்தளம் பாதையில் ஓடுகிறது, ஒபிஸ் நேரத்தில் பெரிய பெட்டியோடு அதில் ஏறச் சொல்வது பாவம். தனி ஆள், ஒரு முதுகுப்பை, பகல் நேரம் என்றால் 187 பஸ்தான் மலிவு. பிக்மீ, ஊபர் என்ற போன் ஆப்களில் வாகனம் பிடிப்பதென்றால் இன்டர்நெட் வேணும், வருகை மண்டபத்திலேயே சிம் வாங்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அங்கேயே இருக்கும் டாக்சி கவுண்டரில் போவதென்றால், அதிவேகப் பாதைக் கட்டணம் சேர்த்தா சொல்கிறார்கள் என்று முதலிலேயே கேட்கச் சொல்ல வேண்டும்.

திருகோணமலைப் பிள்ளைகளான எங்களுக்கு எயார்போர்ட் என்றாலே வெளிநாட்டு மாமாவைக் கூட்டிவர குடும்பமாக வேன் பிடித்து இரவிரவாக ஓடுவதுதான் ஞாபகம் வரும். அதனால்தானோ என்னவோ, தனியாக ஒருவர் வந்து இறங்கி என்ன செய்வார் என்று நான் யோசித்தே பார்த்ததில்லை. இரண்டாம் தடவைக்கு முன் சீசன் நேரத்தில் ஒரு பின்னேரம் எங்கள் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன். கொழும்பு பஸ்ஸால் இறங்கும் வெள்ளைக்காரர்கள் உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளுக்கு ஆட்டோ பேசுவதைப் பார்த்தால் போதும், அவர்களுக்கு எது முதலில் தெரிய வேண்டும் என்று விளங்கிவிடும். வீட்டில் அக்காவை விருந்தினராக இருத்தி வைத்துக் கதைத்துப் பழகினேன், அவ கேட்ட கேள்விகள் சோதனையைவிடக் கஷ்டம்.

இரண்டாம் தடவை சோதனை எடுக்க வந்தவர் வேறொருவர். "அடுத்த நாள் விடிய 5 மணிக்கு எனக்குத் திரும்ப ப்ளைட்" என்றார். கொழும்புக்கு வராமல் பக்கத்தில் நீர்கொழும்பில் தங்கினால் வசதி, அதையும் மீறி வருவதென்றால் ஹோட்டல் காரை அனுப்புகிறோம் என்றேன். சிரித்துக்கொண்டே, "சரி, காரை அனுப்புங்கோ" என்றார். பெயர் கேட்டேன், நேரம் கேட்டேன், பெயர்ப் பலகையோடு டிரைவர் எங்கே நிற்பார் என்றும் சொன்னேன். ப்ளைட் நம்பர் கேட்க மறந்துவிட்டேன். பாஸ்தான், ஆனால் ப்ளைட் பிந்தினால் டிரைவருக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டபோது முழித்ததற்குப் புள்ளி போய்விட்டது.