செக்ரோலில் பிடிக்கிற கோயில் காசு

அப்பா இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் கமிட்டிக்குப் பல வருடம் பொருளாளராக இருந்தவர். அவர் விட்டுப்போன தகரப் பெட்டியில் நகை, காசு எதுவும் கிடையாது, சீ.ஆர். கொப்பிகள், அதாவது தடித்த கணக்குக் கொப்பிகள்தான் இருந்தன. ஒவ்வொரு திருவிழாவுக்கும் இடது பக்கம் வரவு, வலது பக்கம் செலவு. கூட்டல் உதைக்கிற இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பார். பெரும்பாலும் அது தலைவர் சொன்ன செலவாக இருக்கும்.

நான் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டே வெளிவாரியாகச் சமூகவியல் பட்டம் எடுத்தேன். "சமூகத்தில் மதத்தின் வகிபாகத்தை ஆராய்க" என்பது அங்கே எல்லோரும் தயார் செய்துகொண்டு போகிற கேள்வி. சமூகவியலின் முன்னோடிகளான துர்கைம், மார்க்ஸ், வெபர் மூவருக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதினால் போதும். எழுதினேன், பாஸானேன். ஆனால் அந்த மூன்று பேரும் எனக்குப் பிடிபட்டது அப்புறம் இந்தக் கொப்பிகளைப் புரட்டியபோதுதான்.

துர்கைம் 1858இல் பிரான்சில் ஒரு யூத மதகுருவின் மகனாகப் பிறந்தவர். 1912இல் வந்த அவருடைய பெரிய நூல் ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் சடங்குகளை வைத்து எழுதப்பட்டது. அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை. அங்கே போய்ப் பார்த்தவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு பிரான்சில் இருந்தபடியே எழுதினார். (நான் அப்படி ஓர் ஆய்வு கொடுத்திருந்தால் திரும்பி வந்திருக்கும்.) அந்த மக்கள் பல மாதம் சிறு சிறு கூட்டமாகப் பிரிந்து உணவு தேடி அலைவார்கள். பிறகு ஒரு காலத்தில் எல்லோரும் ஓரிடத்தில் கூடி ஆட்டம், பாட்டு, நெருப்பு என்று இரவைக் கழிப்பார்கள். அந்த நேரம் தன்னைவிடப் பெரிய ஏதோ ஒன்று தன்னைப் பிடித்து ஆட்டுவதாக ஒவ்வொருவருக்கும் தோன்றும். அது பொய்யில்லை, உண்மையிலேயே ஒரு சக்திதான், ஆனால் அந்தச் சக்தி அங்கே கூடியிருக்கிற கூட்டமேதான் என்றார் துர்கைம். சாமி கும்பிடுகிற சமூகம் தன்னைத்தானே கும்பிடுகிறதாம்.

இது எங்கள் தோட்டத்துக்கு எழுதியது போலவே இருக்கிறது. பையன்கள் கொழும்பில் சாப்பாட்டுக் கடைகளில், பெண் பிள்ளைகள் ஆடைத் தொழிற்சாலைகளில். திருவிழாவுக்கு முதல் நாள் ஹட்டன் பஸ்ஸில் நிற்கக்கூட இடம் கிடைக்காது. ஆற்றங்கரையில் கரகம் பாலிக்க உடுக்கை அடிக்கத் தொடங்கினால், கொழும்பில் வெறும் 'தோட்டத்துப் பையனாக' இருந்தவன் இங்கே இன்னார் பேரன், இன்னார் மருமகன் ஆகிவிடுகிறான்.

இந்த 'இன்னார்' ஆவது எங்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. 1948 பிரஜாவுரிமைச் சட்டம், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து வந்த எங்கள் ஆட்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். எந்த நாட்டு வாக்காளர் பட்டியலிலும் பேர் இல்லாமல் இருந்த எங்கள் தாத்தாவுக்குக் கோயில் வரிப் பட்டியலில் பேர் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கவ்வாத்துக்கு, அதாவது தேயிலைச் செடியை வெட்டிவிடுவதற்கு, கத்தி எடுக்கும் முன்னால் மலையில் ஒரு கல்லை நட்டுப் பூசை போடுவார்களே, அவர் கவ்வாத்துச்சாமி. ஸ்டோரில், அதாவது தேயிலை ஆலையில், இயந்திரங்களுக்குக் காவல் ரோதமுனி. கோப்பித் தோட்டமே 1820களில்தான் இங்கே தொடங்கியது, தேயிலை 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் நட்ட பிறகு பரவியது. ஆக, இந்தச் சாமிகளுக்கு வயது இருநூறைத் தாண்டாது. மாரியம்மனும் மதுரைவீரனும் முனியாண்டியும் மூட்டையோடு கடல் தாண்டி வந்தவர்கள், இவர்கள் இங்கேயே பிறந்தவர்கள். பிறந்த இடத்தை வைத்துப் பிரஜாவுரிமை கொடுத்திருந்தால் முதல் விண்ணப்பம் ரோதமுனியுடையதாக இருந்திருக்கும். செய்கிற வேலையே சாமியாகிவிடுகிறது என்பதற்கு துர்கைம் ஆஸ்திரேலியாவைத் தேடியிருக்கவே தேவையில்லை.

சரி, இவ்வளவு வரைக்கும் பரீட்சையில் எழுதியதுதான். கொப்பியைத் திறந்தால் வேறு கதை.

வரவில் முதல் வரி எப்போதும் 'செக்ரோல் பிடிப்பு'. செக்ரோல் என்பது தோட்டத்து வேலையாட்களின் பேர், சம்பளப் பதிவேடு. மாதச் சம்பளத்தில் சங்கச் சந்தா, ஈ.பி.எப்., தீபாவளி அட்வான்ஸ் எல்லாம் கழிக்கிற மாதிரி கோயிலுக்கும் ஒரு தொகையை ஆபீஸில் கழித்துக் கமிட்டிக்குக் கொடுத்துவிடுவார்கள். கொழுந்து எடுக்கிறது பெண்கள். எங்கள் தோட்டத்தில் செக்ரோலில் பேர் உள்ளவர்களிலும் பாதிக்கு மேல் அவர்கள்தான். அட்டை கடிக்க, மழையில் படங்கு கட்டிக்கொண்டு, கிலோ குறைந்தால் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) வாங்கிக்கொண்டு வருகிற சம்பளம் அது. அதில்தான் தேர் ஓடுகிறது. ஆனால் அப்பாவின் அத்தனை கொப்பிகளிலும் கமிட்டிப் பட்டியலில் ஒரு பெண்ணின் பேர்கூடக் கிடையாது. அவர்கள் வருவது பாற்குடத்தில், மாவிளக்கில், 'கோயில் கழுவிய பெண்களுக்குத் தேத்தண்ணி' என்ற செலவில். தேருக்குப் புதுச் சில்லு போட்ட காசு குவைத்தில் வீட்டு வேலை செய்த ஓர் அக்காவுடையது. கோயில் சுவரில் உபயம் என்று எழுதியிருப்பது அவர் புருஷனின் பேர்.

செலவுப் பக்கத்தில் என்னை நிறுத்தியது இரண்டு வரிகள். மேளக்காரருக்குச் சம்பளம், வேட்டி, சால்வை, தட்டில் வைத்துத் தட்சணை. தப்பு என்கிற பறை அடிக்கிறவர்களுக்கு அரிசியும் சாராயப் போத்தலும். தப்பு முன்னால் போகாமல் எங்கள் அம்மன் புறப்பட்டதில்லை. மாசி மாதம் காமன் கூத்து வந்தால் மன்மதனும் ரதியும் தப்பு இல்லாமல் ஓர் அடி வைக்க மாட்டார்கள். ஆனாலும் தப்படிக்கிறவர்களின் லயத்து (வரிசை வீட்டு) ஆட்கள் மண்டபத்துக்கு வெளியே நின்றுதான் விபூதி வாங்கினார்கள். கோயில் உண்டாக்குகிற 'நாங்கள்' என்பதற்குள் ஒரு வரிசை இருந்தது. அந்த வரிசையை அப்பாவும் ஒரு கேள்விக்குறி கூடப் போடாமல் அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். இப்போது பாடசாலை விழாக்களில் பிள்ளைகள் தப்படிக்கப் போட்டி போடுகிறார்கள், எல்லா லயத்துப் பிள்ளைகளும். அதற்கு வழி செய்தது கோயில் இல்லை.

மார்க்ஸின் அபின் கதை எல்லோருக்கும் தெரியும். அது அச்சானது 1844இல். சரியாக அந்தக் காலத்தில்தான் எங்கள் முன்னோர் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். காலராவிலும் அம்மையிலும் வழியெல்லாம் விழுந்தார்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் அந்தப் பாதை முடிகிற ஊரில் நிற்கிறது. அம்மைக்குப் பயந்து நடந்தவர்கள் வேறு யாரைக் கும்பிட்டிருப்பார்கள்? மார்க்ஸும் அதே பந்தியில் மதத்தை ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சு, இதயமற்ற உலகத்தின் இதயம் என்று சொல்லிவிட்டுத்தான் அபினுக்கு வருகிறார். மேடையில் பேசுகிற தோழர்களுக்கு அந்த முன்பாதியைச் சொல்ல நேரம் கிடைப்பதில்லை.

அபின் பாதியும் கொப்பியில் இருக்கிறது. லொறியும் லீவும் கொடுத்த துரைக்கு, அதாவது தோட்ட மேலாளருக்கு, முதல் மாலை. அதற்கும் முந்தி, ஆள் பிடித்து வேலை வாங்கிய பெரிய கங்காணி காலத்தில், கோயிலும் அவர் கையில், ஆட்களின் கடன் கணக்கும் அவர் கையில் என்று தாத்தா சொல்வார். சாமிக்கு முன்னால் கைகட்டி நிற்கிறவன் கங்காணிக்கு முன்னாலும் நின்றுதானே ஆகவேண்டும். ஆனால் சம்பளப் போராட்டம் வந்தபோதெல்லாம் வேலைக்கு இறங்குவதில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்ததும் அதே வாசலில்தான். ஒரு நாளைக்கு 1,000 ரூபா என்பதற்கே 2021 வரை இழுபறி. அந்த வருடங்களில் சங்கங்கள் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தன. ஆட்களை ஒன்றாக உட்கார வைத்தது கோயில் முற்றம்.

வெபரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் பாதிதான் பொருந்துகிறார். தாங்கள் கடவுளால் தெரிந்தெடுக்கப்பட்டவர்களா என்ற பதற்றத்தில் கால்வினியர்கள் ஒழுங்காக உழைத்து, வீண்செலவை விட்டார்கள், அந்த மனப்பாங்கு முதலாளித்துவத்துக்குத் தோதாக அமைந்தது என்று 1904–05இல் எழுதினார். எங்கள் கீழ் லயத்தில் ஓர் அண்ணன் கிறிஸ்தவச் சபைக்குப் போகத் தொடங்கினார். குடியை விட்டார். காம்பராவுக்கு, அதாவது அவர் லயத்து அறைக்கு, சீமெந்துத் தரை வந்தது, மகளுக்கு ஏ.எல். டியூஷன் வந்தது. முதலாளித்துவம் வரவில்லை. மாதக் கடைசிக்குள் தீர்ந்துபோகிற சம்பளத்தில் மிச்சம் பிடித்து யார் முதலாளி ஆவது?

அந்த அண்ணன் ஆபீஸுக்குப் போய்க் கோயில் பிடிப்பை நிறுத்தச் சொன்னார். அன்றைக்கு வந்த சண்டை அவர் சிலுவை போட்டபோது வரவில்லை. யாரைக் கும்பிடுகிறார் என்று யாரும் கேட்கவில்லை, "வரி கட்டாதவன் செத்தா குழி வெட்ட யார் வர்றது?" என்றுதான் கேட்டார்கள். துர்கைம் இருந்திருந்தால் துள்ளிக் குதித்திருப்பார். பிறகு அவருடைய அம்மா தவறியபோது சபைக்காரர்கள் தப்பு வேண்டாம் என்றார்கள், கமிட்டி முறுக்கிக்கொண்டது. பையன்கள் இரண்டு பக்கத்தையும் கேட்காமல் மண்வெட்டியோடு போய்விட்டார்கள்.

கொஞ்ச காலத்துக்கு முன்பு கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. கோபுரம், வர்ணம், வெளியூரிலிருந்து குருக்கள். பண்டாரம் பூசாரிக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். முனியாண்டிக்கு ஆடு வெட்டுவது நின்றது, கறிக்கூறு எல்லாக் காம்பராவுக்கும் போவதும் அதோடு நின்றது. எம். என். ஸ்ரீநிவாஸ் 1952இல் குடகு மக்களைப் பற்றி எழுதியபோது, கீழே உள்ளவர்கள் மேலே உள்ளவர்களின் வழிபாட்டை எடுத்துக்கொண்டு அந்தஸ்து தேடுவதை விளக்கினார். எங்கள் ஆட்களுக்கும் அந்த ஆசை இருந்தது. 'தோட்டக்காட்டான் சாமி' என்று டவுனில் சிரித்தவர்களுக்குக் காட்ட ஒரு கோபுரம் வேண்டாமா? அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் செக்ரோல் பிடிப்பு கூடியது. கோபுரத்தோடு தீட்டும் கூடியது. முன்பு கரகத்துக்குப் பின்னால் ஆடி வந்த பெண்கள் இப்போது எந்தப் படி வரைக்கும் வரலாம் என்று கோடு போட்டிருக்கிறார்கள்.

இந்த வருடக் கமிட்டிக் கூட்டத்தில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று நானும் பிள்ளைக்காம்பரா (குழந்தைக் காப்பகம்) ஆயாவும் கேட்டோம். தலைவர் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்.

"டீச்சர், உங்களுக்குத் தெரியாததா? மாசத்துல அந்த நாளு வந்தா கோயில் கணக்க எப்படித் தொடுறது?"

எங்கள் அம்மா பின்வரிசையில் இருந்து எழும்பினார். முப்பது வருடத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர்.

"ஏன் தம்பி, சம்பளத்துல காசு பிடிக்கிறப்ப எந்த நாளுன்னு கேட்டா பிடிச்சீங்க?"

கூட்டத்தில் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. அன்றைக்கே இரண்டு பெண்களைக் கமிட்டியில் சேர்த்தார்கள், அன்னதானப் பொறுப்புக்கு.